13-0 தோற்ற அணியின் ஸ்ட்ரைக்கர் அப்புறம் என்ன ஆவாள்?

குறும்பனைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள்தான், எழுதுவது இதுதான் முதல் முறை. குறும்பனையில் ரீசார்ஜும் ஜெராக்ஸும் சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கால்பந்தாட்டத்தில் எனக்குத் தெரிந்தது ஊர்த் திருவிழாவுக்கு நடக்கும் செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர்) மட்டும். அதிலும் பாதி நேரம் வறுகடலையில்தான் கண் இருக்கும்.

விஷயம் என் அக்கா மகளைப் பற்றி. பத்தாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி டீமில் ஃபார்வர்டு, அதாவது முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டிய ஸ்ட்ரைக்கர். மூன்று வாரத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் ஒரு டோர்னமென்ட். 9-0 தோற்றுத் திரும்பி வந்தார்கள். வந்த அன்றைக்கே பூட்ஸை சன்ஷேடு மேலே தூக்கி எறிந்தவள், இன்றுவரை எடுக்கவில்லை. ஒரு மழையும் நனைந்துவிட்டது. எங்கள் அக்காவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம், பரீட்சை வருகிறதே. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

போன ஞாயிறு கடையில் உட்கார்ந்து என் போனில் பழைய மேட்ச் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தாள். 2025 ஜூன் 23, தாய்லாந்தில் சியாங் மாயில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று. இந்தியப் பெண்கள் மங்கோலியாவை 13-0 அடித்தது. ஜெயித்தது நம்ம டீம்தானே, பார்த்துத் தேறட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அவள் கேட்டது வேறு.

"சித்தி, கோல் வாங்கின டீம்தானே நடுவிலே பந்து வச்சுத் தொடங்கணும்? அதை இதிலே காட்டவே மாட்டேங்கிறாங்க. அந்தப் பக்கத்து ஸ்ட்ரைக்கர் எத்தனை தடவை அங்கே வந்து நின்னிருப்பா?"

ஹைலைட்ஸில் கோல் வரும், கட்டிப்பிடித்துக் குதிப்பார்கள், உடனே அடுத்த கோல். நடுவில் வந்து நிற்பவர்களை வெட்டிவிடுகிறார்கள். இவள் சொல்லும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை. நாகர்கோவிலில் இவள் ஒன்பது முறை அப்படி வந்து நின்றிருக்கிறாள்.

இப்போது அவர்கள் சார் இவளை பேக் ஆடச் சொல்கிறாராம், அதாவது பின்னால் நின்று தடுக்க. இவளுக்கு அது தண்டனை மாதிரி இருக்கிறது. ஆகவே என் கேள்வி: மங்கோலியா மாதிரி ஒரு டீமில் ஸ்ட்ரைக்கராக இருக்கும் பெண்ணுக்கு அப்புறம் என்ன வழி? யாருக்காவது அந்த நாட்டு ஆட்டம் பற்றித் தெரியுமா? இவளிடம் நான் என்ன சொல்லட்டும்?

ரெட்கார்டு மச்சான்:

13 வாங்கின டீமுக்கு ஸ்ட்ரைக்கர் எதுக்கு, ரெண்டு கோலியை நிறுத்தியிருக்கலாம்.

சும்மா சொன்னேன் அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்த மேட்சில் பியாரி சாக்சா மட்டும் ஐந்து கோல். நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளை பிரியதர்ஷினி செல்லதுரை இரண்டு போட்டது. மருமகளிடம் அதைக் காட்டுங்க.

சைன்ஷாந்த் வெல்டர்:

அக்கா, நான் கருங்கல்காரன். மங்கோலியாவில் பைப் வெல்டராக இரண்டு சீசன் வேலை பார்த்தவன். கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், "அங்கே குதிரைக்கு வெல்டிங் வைக்கவா போனே" என்று. சைன்ஷாந்த் பக்கம் கோபி பாலைவனத்தில் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை கட்டுகிறார்கள், இந்தியா கொடுக்கும் கடனில். அதனால் நம்ம ஆட்கள் நிறையப் பேர் அங்கே உண்டு.

முதலில் ஒரு கணக்கு. நம்ம குமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். தூத்துக்குடி மாவட்டத்தையும் சேர்த்தால் 36 லட்சம். மங்கோலியா நாடு முழுக்கவே ஏறக்குறைய அவ்வளவு பேர்தான். அதில் பாதிப் பேர் உலான்பாத்தர் என்கிற ஒரே ஊரில் இருக்கிறார்கள். குமரியும் தூத்துக்குடியும் சேர்ந்து ஒரு பெண்கள் டீம் போட்டு இந்தியாவோடு ஆடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதிலும் அவர்கள் நாடு ஃபிஃபாவில் சேர்ந்ததே 1998-ல். பெண்கள் தேசிய அணி சர்வதேச மேட்ச் ஆடத் தொடங்கியது 2018-ல்தான். இன்றைக்கு இருபது வயதான ஒரு ஸ்ட்ரைக்கர் சின்ன வயதில் "அந்த அக்கா மாதிரி ஆகணும்" என்று சுட்டிக்காட்ட ஓர் அக்கா கிடையாது.

அடுத்தது குளிர். நம்ம ஊரில் மார்கழியில் மஃப்ளர் கட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மைனஸ் 30 வரை போகும். மூக்குக்குள் முடி விறைத்து ஊசி மாதிரி குத்தும். அக்டோபருக்கு மேல் வெளியே பந்து கிடையாது. எங்கள் சைட்டில் மொழிபெயர்க்கும் பெண் ஒருவர் இருந்தார், அவருடைய தங்கை உலான்பாத்தரில் ஒரு கிளப்பில் ஃபார்வர்டு. அந்தத் தங்கை ஒரு தடவை வந்தபோது நம்ம மெஸ்ஸில் சாப்பிட்டது. சாம்பாரைச் சூப் மாதிரி குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டது. அதை விடுங்கள், அது சொன்னதைச் சொல்கிறேன்: "வருஷத்தில் ஐந்து மாதம் புல், ஏழு மாதம் மரத்தரை." குளிர்காலம் முழுக்க உள்ளரங்கில் ஃபுட்சால்தான், பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் சின்னக் களக் கால்பந்து. பகலில் வேலை, ராத்திரி ஹால் காலியானால் பிராக்டிஸ்.

ஃபுட்சால் பந்து கொஞ்சம் சின்னது, அவ்வளவாகக் குதிக்காது. அதிலேயே பழகினால் கால் நல்லா வேலை செய்யும், இரண்டு அடி இடத்தில் ஆளைத் திருப்பிவிடலாம். ஆனால் பெரிய மைதானத்தில் 40 மீட்டர் தூரத்தில் இருந்து தலைக்கு மேல் ஒரு பந்து வந்து இறங்கும்போது அதை எங்கே நின்று வாங்குவது என்று தெரியாது. ஓடிப் பிடிக்கவும் மூச்சு இருக்காது. சியாங் மாயில் இடைவேளைக்கு 4-0 தான். மற்ற ஒன்பதும் அப்புறம் விழுந்தது. தங்கச்சி சொன்னதை வைத்துப் பார்த்தால் எனக்கு அது மூச்சுக் கணக்காகத்தான் தெரிகிறது.

அந்த ஊர்ப் பெண்களுக்கு விளையாட்டு வராது என்று மட்டும் நினைக்க வேண்டாம். இதைக் கேளுங்கள்: இந்தியாவிடம் 13 வாங்கிய அதே 2025 ஜூன் 23 அன்று, உலான்பாத்தரில் சுக்பாத்தர் சதுக்கத்தில் 3x3 கூடைப்பந்து (பக்கத்துக்கு மூன்று பேர்) உலகக் கோப்பை தொடங்கியது. அதில் மங்கோலியப் பெண்கள் இறுதிவரை போய் வெள்ளி வாங்கினார்கள். உலகத்தில் இரண்டாவது! அதே நாடு, அதே வாரம். குளிர்காலத்திலும் ஹாலுக்குள் பழக முடிகிற ஆட்டம் என்றால் அவர்களை அசைக்க முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கும் அந்த 3x3 பெண்கள் அணி போனது, அதில் ஆடிய குலான் ஓனோல்பாதார்தான் கொடி பிடித்த பெண். (அவர்களுக்கும் நம்மைப் போலக் குடும்பப் பெயர் கிடையாது. ஓனோல்பாதார் என்பது அப்பா பெயர். நாம் இனிஷியல் போடுகிறோம், அவர்கள் முழுசாக எழுதுகிறார்கள். எனக்கு இது தெரிந்தபோது ஏனோ பயங்கரச் சந்தோஷமாக இருந்தது.)

ஆக, நல்ல உயரமும் வேகமும் உள்ள பெண்ணைக் கூடைப்பந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதையும் மீறிப் பந்தை உதைப்பேன் என்று நிற்பவள்தான் நடுவட்டத்தில் போய் நிற்கிறாள். மருமகளிடம் இதைச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் பி.டி. சார்:

உடற்கல்வி ஆசிரியராக 22 வருடம். ஒரு கசப்பான விஷயம் சொல்கிறேன், யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

பேக் ஆடச் சொல்வது தண்டனை அல்ல. நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி கிளப்பில் நடுக்களத்திலும் ஓரத்திலும் முன்னால் ஏறி அடித்துப் பெயர் வாங்கியவர். 2019-20-ல் ஏ.டி.கே. கிளப்புக்குப் போனபோது அவரை இடதுபக்க விங்பேக் ஆக்கினார்கள், ஓரமாக நின்று தடுக்கவும் வேண்டும், ஏறவும் வேண்டும். முகம் சுளித்தாரா தெரியாது, ஆனால் அந்த வருடம் ஏ.டி.கே. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பை வாங்கியது. பின்னால் நின்று ஆடினால் மைதானம் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் இருக்கும். பதினைந்து வயதில் ஒரு வருடம் அப்படி ஆடுவது நல்லதுதான்.

அப்புறம், காரியத்துக்கு வருவோம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குத்தான் ஆள் எடுப்பார்கள். உங்கள் பெண் இப்போது பத்து. அடுத்தது பதினொன்று. பள்ளிப் பருவத்தில் இதுதான் அவளுக்குக் கடைசிக் கதவு. பரீட்சை முடிந்த கையோடு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வு வரும். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் போய் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். ஓட்டமெல்லாம் அளப்பார்கள், மூன்று வாரம் சும்மா இருந்த காலோடு போகக் கூடாது.

வள்ளவிளை பத்தாம் நம்பர்:

சார் மேல் மரியாதை உண்டு, ஆனால் பாதிதான் ஒத்துக்கொள்வேன். சூசைராஜை மாற்றியது ஜெயிக்கிற டீமில், பக்கத்தில் தேர்ந்த ஆட்களை வைத்துக்கொண்டு. 9-0 தோற்ற டீமில் ஒரு பெண்ணைப் பின்னால் இழுப்பது அப்படி அல்ல. ஓட்டை விழுந்த வள்ளத்தில் துடுப்புப் போடுகிறவனையும் தண்ணீர் இறைக்க உட்கார வைப்பது மாதிரி. அப்புறம் வள்ளம் எப்படிக் கரைக்கு வரும்?

பிள்ளே, நீ இதை வாசிப்பாய் என்று உன் சித்தி நம்புகிறார், அதனால் உன்னிடமே பேசுகிறேன்.

நான் 2000-களில் ஆடியவள். எங்கள் ஊரில் பந்துகளி என்றால் ஆம்பிளைகளுக்கு உயிர். பெண்ணுக்கு டீம் கிடையாது. அண்ணன்மாரோடு கடப்புறத்தில், வலை காயப்போட்டது போக மிச்சமுள்ள மணலில் ஆடிப் பழகினேன். இப்போது அந்த இடமே இல்லை, கடல் எடுத்துவிட்டது, கல்லைப் போட்டு வைத்திருக்கிறார்கள். காலேஜ் போனதும்தான் முதன்முதலாகப் பதினொரு பெண்கள் சேர்ந்த டீமைப் பார்த்தேன். முதல் பெரிய டோர்னமென்டில் 8-0 தோற்றோம். நான்தான் ஸ்ட்ரைக்கர். பஸ்ஸில் வரும்போது யாரும் பேசவில்லை. ஒருத்தி மட்டும் எல்லாருக்கும் மட்டிப்பழம் உரித்துக் கொடுத்தாள், அது ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் எங்கள் சார் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். அதில் வரிசையாகக் கோடுகள். "பந்து உன் காலுக்கு வந்தது 19 தடவை. அதில் 16 தடவை முதல் தொடுதலிலேயே அவங்ககிட்டே போயாச்சு. கோலை விடு. அடுத்த மேட்சில் இந்த 16-ஐ 12 ஆக்கு."

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. எட்டு கோல் வாங்கியிருக்கிறோம், இவர் என்னைப் பிடித்துக் கணக்குக் கேட்கிறாரே! பிறகு ஆடிப்பார்த்தபோதுதான் விளங்கியது. அடி வாங்கும் டீமில் ஸ்ட்ரைக்கரின் வேலை கோல் போடுவது கிடையாது, பந்தை முன்னால் பிடித்து வைத்திருப்பது. பின்னால் நிற்கும் பிள்ளைகள் தலைதெறிக்க வெளியே உதைப்பார்கள். அந்தப் பந்து உன் மேல் பட்டு உடனே திரும்பிப் போனால் அவர்களுக்கு மூச்சு வாங்க நேரமே கிடையாது, அடுத்த அலை வந்துவிடும். நீ நெஞ்சிலோ தொடையிலோ வாங்கி, உடம்பைக் குறுக்கே போட்டு, மூன்று நொடி வைத்திருந்தால் போதும். அதற்குள் உன் பேக்குகள் பத்தடி மேலே ஏறிவிடுவார்கள். முடியாவிட்டால் ஃபவுல் வாங்கு. அதுவும் முடியாவிட்டால் அவர்கள் காலில் பட்டு வெளியே போகும்படி தள்ளு, த்ரோ நம்முடையது. கைதட்டு கிடைக்காது. ஆனால் 9-0 என்பது 5-0 ஆவது இப்படித்தான்.

இன்னொன்று. தோற்கும்போது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஓடி வந்து உதவத் தோன்றும். நானும் வந்திருக்கிறேன். வராதே. நீ பாதிக் கோட்டிலேயே நின்றால் அவர்களுடைய நடுவில் நின்று தடுக்கும் இரண்டு ஸ்டாப்பர்கள் உன்னைக் காவல் காக்க அங்கே நின்றாக வேண்டும். நீ இறங்கி வந்தால் அந்த இரண்டு பேரும் சேர்ந்து ஏறி வருவார்கள். சும்மா நிற்பது மாதிரி தெரியும், சொந்த டீம் பிள்ளைகளே திட்டும். நின்றாக வேண்டும்.

வெல்டர் அண்ணன் சொன்ன மங்கோலியத் தங்கச்சிக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவளுக்குள்ள உண்மையான கஷ்டம் வேறு என்று நினைக்கிறேன். சொந்த நாட்டு லீக் சின்னது. அடுத்த வீட்டு லீக் என்று பார்த்தால் சீனா, கொரியா, ஜப்பான். ஏணியின் முதல் படியே ஆள் உயரம். நேபாளத்தின் சாபித்ரா பண்டாரியைப் பாருங்கள். ஆசிய அளவில் நேபாளம் பெரிய டீம் கிடையாது, ஆனால் பக்கத்தில் இந்தியா இருந்தது. நம்ம சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றபோது அந்தப் பெண் அங்கேதான் ஆடினாள். பிறகு கோகுலம் கேரளாவில் 2022-23 சீசனில் மட்டும் 29 கோல். அங்கிருந்து இஸ்ரேல், பிரான்ஸ் என்று போய்விட்டாள். எட்டுகிற உயரத்தில் ஒரு படி இருந்தது, ஏறினாள். உனக்கு அந்தப் படி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மதுரையில் சேது, அந்தப் பக்கம் கோகுலம். தமிழ்நாடு சீனியர் டீம் 2018-ல் மணிப்பூரையும் 2023-ல் ஹரியானாவையும் இறுதியில் ஜெயித்து தேசியப் பட்டம் வாங்கியிருக்கிறது. மங்கோலியாவில் இருக்கும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணைவிட உனக்கு வழி நிறைய உண்டு, கேட்டியா.

என் கதை அங்கே போய்ச் சேரவில்லை. மாநில முகாமுக்கு என் பெயர் வந்திருந்தது. தகவல் என் கைக்குக் கிடைத்தது முகாம் தொடங்கி இரண்டு நாள் கழித்து. யார் குற்றம் என்று இப்போது பேசிப் பயனில்லை. நித்திரவிளையில் ஒரு பேக்கரியில் கணக்கு பார்க்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருக்காதே. உன் சித்தியிடம் கடையும் இன்டர்நெட்டும் இருக்கிறது. ஆணையத்தின் தளத்தை வாரம் ஒரு முறை பார்க்கச் சொல்.

பேக் விஷயம்: சார் ஆடச் சொன்னால் ஆடு, முறைக்காதே. ஆனால் தேர்வுக்குப் போகும்போது "என்ன பொசிஷன்" என்று கேட்டால் ஃபார்வர்டு என்று சொல்.

மார்த்தாண்டம் பி.டி. சார்:

தங்கச்சி சொன்ன காலண்டர் தாள் விஷயத்தை நாளையே என் பிள்ளைகளிடம் செய்து பார்க்கப் போகிறேன். பொசிஷன் விஷயத்தில் இன்னமும் என் கட்சி என் கட்சிதான்.

ரெட்கார்டு மச்சான்:

வெல்டர் அண்ணே, ஒரு சந்தேகம். அந்த ஊர் மல்யுத்தச் சட்டை ஏன் நெஞ்சு திறந்து கிடக்கு?

சைன்ஷாந்த் வெல்டர்:

தம்பி, அதற்கு ஒரு கதை சொல்வார்கள். முன்னொரு காலத்தில் ஒரு பெண் ஆண் வேஷத்தில் வந்து எல்லா ஆம்பிளைகளையும் சாய்த்துவிட்டாளாம். இனிமேல் பெண் யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று அன்றைக்கே சட்டையின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டார்களாம். கதை உண்மையோ பொய்யோ, நாதம் என்கிற அவர்கள் தேசியத் திருவிழாவில் இன்றைக்கும் மல்யுத்தம் ஆண்களுக்குத்தான். குதிரைப் பந்தயத்திலும் வில்லிலும் பெண்கள் உண்டு.

குறும்பனைக்காரி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வள்ளவிளை அக்கா எழுதியதை மட்டும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன் (கடையில் பேப்பர் நம்முடையதுதானே). ஒன்றும் பேசாமல் வாசித்தாள். முடித்துவிட்டு "16-ஐ அவங்க 12 ஆக்கினாங்களா?" என்று கேட்டாள். அக்கா, நீங்கள் அதை எழுதவில்லை. பதில் சொல்லுங்கள், தினமும் கடைக்கு வந்து கேட்கிறாள்.

வெல்டர் அண்ணன் சொன்ன கூடைப்பந்து விஷயத்தைக் கேட்டதும், "அப்போ அந்தத் தங்கச்சி ஏன் கூடைப்பந்துக்குப் போகலை?" என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் குருசடிக்குப் பின்னால் உள்ள மதிலில் பந்தை அடித்து நெஞ்சில் வாங்கிக்கொண்டிருந்தாள், வெறுங்காலோடு. பூட்ஸை நான்தான் கம்பு வைத்து சன்ஷேடில் இருந்து தள்ளி இறக்கினேன். வலது காலில் அடிப்பகுதி முழுக்கப் பிரிந்துவிட்டது, ஒட்டினால் நிற்குமா தெரியவில்லை. இனி என் அக்காவைச் சமாளிக்க வேண்டும், விடுதித் தேர்வு பற்றி இன்னும் அவளிடம் வாயைத் திறக்கவில்லை. அது என் பாடு.

ஸ்டட் வைத்த பூட்ஸ், சைஸ் 5, நாகர்கோவிலில் வாங்கினால் என்ன விலை வரும்?

வள்ளவிளை பத்தாம் நம்பர்:

14 ஆக்கினேன். 12 ஆக இரண்டு மாதம் ஆனது.

புதுசு வாங்காதீர்கள். என் தங்கச்சி மகளுடையது 5-ஆம் நம்பர், ஒரு சீசன்கூட ஆடவில்லை, நர்சிங் படிக்கப் போய்விட்டாள். வியாழக்கிழமை குளச்சல் வருவேன், பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.